ஆறு பேரும் ஒரு புஸ்தகமும்

தமிழில் 'படிப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. பரீட்சைக்காகப் பாடத்தை உருப்போடுவதும் படிப்புத்தான். நல்ல கதை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பதும் படிப்புத்தான். ஆனால் நமது இல்லங்களில் இவ்விரண்டும் சக்களத்திகளைப் போலவே வாழ்ந்து வருகின்றன. "பையன் படிக்கிறான்" என்றால் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், தொலைக்காட்சியைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். அதே பையன் கணக்குப் புஸ்தகத்துக்குள் கதைப் புஸ்தகத்தை ஒளித்து வைத்திருந்தது தெரிந்துவிட்டாலோ, "படிக்கிற நேரத்தில் புஸ்தகம் என்னடா புஸ்தகம்?" என்று அதட்டல் கிளம்புகிறது. இந்தக் கேள்வியில் உள்ள விசித்திரத்தை நம்மில் யாரும் கவனிப்பதில்லை.

இதன் பலனை உபாத்தியாயர்களாகிய நாம் வருஷந்தோறும் கண்ணால் காண்கிறோம். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகள், கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே புஸ்தகங்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டு விடுகிறார்கள். அதன் பிறகு அவர்களுக்கும் அச்செழுத்துக்கும் உள்ள சம்பந்தம், கைப்பேசியில் வரும் நாலு வரியோடு சரி. எழுத்தறிவு இருக்கிறது, வாசிப்பு இல்லை. எழுத்தறியாதவனை யாரும் ஏமாற்றலாம் என்று முன் காலத்தில் சொல்லுவார்கள். எழுத்தறிந்தும் வாசியாதவனை ஏமாற்றுவது இன்னும் சுலபம். ஏனெனில், தான் ஏமாறக்கூடியவன் என்ற சந்தேகமே அவனுக்கு உண்டாவதில்லை.

இந்த நோய்க்குப் பெரிய மருந்துகள் பல சொல்லப்படுகின்றன. செலவு குறைந்த சிறிய மருந்து ஒன்றைப் பற்றியே இங்கே எழுதப் போகிறோம். ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரே புஸ்தகத்தை வாசித்து, அதைப் பற்றி மனம் விட்டுப் பேசுவது: அவ்வளவுதான் மருந்து.

காலாப்பட்டில்

புதுச்சேரியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்படுகிறவர், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சில மைல் சென்றதும் மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழைகிறார். பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக் கோடுகள் இட்ட கோலம் அது. அப்படித் தீவு போலத் தனித்து நிற்கும் பகுதியே காலாப்பட்டு. கிழக்கே கடல், கரையோரம் பிள்ளைச்சாவடி, கனகசெட்டிக்குளம் முதலிய ஊர்கள். 1985-ம் வருஷம் ஏற்பட்ட புதுவைப் பல்கலைக்கழகமும் இங்கேதான். மத்தியச் சிறைச்சாலையும் இங்கேதான்.

பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறார்கள். துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாக இருந்து, 1736-ம் வருஷம் தொடங்கித் தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதி வைத்த மனிதர் அவர். அந்த நூலகத்திலிருந்து கடற்கரை மணலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் மணலில் விளையாடும் குழந்தைக்கும் அந்த அலமாரிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காலால் நடந்து கடக்க முடியாது. புஸ்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது; "இதைப் படித்தாயா? எனக்குப் பிடித்திருந்தது" என்று சொல்ல ஒரு தோழனோ தோழியோ வேண்டும். வாசிப்புக் குழு என்பது அப்படிப்பட்ட தோழமையை ஏற்படுத்தித் தரும் ஏற்பாடுதான்.

புதிய வழக்கமா?

சிலர் இதை மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்கலாம். அப்படியல்ல. நமது தேசத்தில் தனியே மௌனமாக வாசிப்பதுதான் புதிய வழக்கம். ஒருவர் படிக்க ஊரே கூடிக் கேட்பதுதான் பழைய வழக்கம். கோயில் மண்டபங்களில் இரவு இரவாகப் பாரதம் படித்தார்கள். படித்தவர் நிறுத்திய இடத்தில் கேட்டவர்கள் வாதம் செய்தார்கள். எழுத்தே தெரியாத பாட்டிமார், கர்ணன் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

புதுவைக்கு இதில் தனிப் பெருமை உண்டு. 1908-ம் வருஷம் பாரதியார் இங்கே வந்து பத்து வருஷம் தங்கினார். 1910-ல் அரவிந்தரும், பின்னர் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். அந்த வீடுகளில் நடந்த இலக்கிய சம்பாஷணைகளுக்கு மேடையும் இல்லை, தலைவரும் இல்லை. மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் குமாரியான யதுகிரி அம்மாள் அப்போது சிறுமி. பாரதியார் புதுப் பாட்டைப் பாடிக் காட்டும்போது அருகிலிருந்து கேட்டதையும், புரியாததை அவரிடமே கேட்டதையும் பிற்காலத்தில் நினைவுக் குறிப்புகளாக எழுதியிருக்கிறார். மகாகவியிடம் ஒரு சிறுமி அர்த்தம் கேட்கிறாள், அவரும் சொல்லுகிறார். இதைவிடச் சிறந்த வகுப்பறை எங்கே இருந்திருக்கும்?

திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டு முற்றம் வட்ட வடிவமான தொட்டிக்கட்டு. அங்கே நண்பர்கள் கூடிக் கம்பனையும் மற்றக் கவிஞர்களையும் அநுபவித்தபடியால், அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்துவிட்டது. முதலியாரவர்கள் ஒரே செய்யுளை எடுத்துக்கொண்டு, வாய்க்கு வாய் ருசி பார்க்கிறாற்போல் நிதானமாக அநுபவிப்பாராம். எத்தனை பக்கம் முடிந்தது என்ற கணக்கு அங்கே இல்லை.

மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர், 1931-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகத் துறையின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். அவர் தமது ஐந்து விதிகளைப் பிரசுரித்ததும் அதே வருஷத்தில்தான். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்பது அவ்விதிகளின் உயிர்நாடி. இருவரையும் சந்திக்க வைப்பதுதான் நமது வேலை.

மேல்நாட்டிலும் இந்த வழியைக் கண்டவர்கள் உண்டு. ஸ்வீடன் தேசத்தில் லுண்ட் நகரத்தில், 1902-ம் வருஷம் ஆஸ்கார் ஓல்ஸன் என்ற உபாத்தியாயர் மதுவிலக்குச் சங்கத்தாரைக் கூட்டி வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினார். எளிய தொழிலாளிகள் கூடிப் புஸ்தகங்களை வாங்கினார்கள், முறை போட்டு வாசித்தார்கள், விவாதித்தார்கள். வாங்கிய புஸ்தகங்களே பின்னர் சிறு நூலகங்களாயின. அந்த வட்டங்கள் இன்றும் அந்நாட்டில் நடந்து வருகின்றன.

நமது புதுவையிலும், புதுவை அறிவியல் இயக்கத்தார் 1989-ம் வருஷம் முனைந்து அறிவொளி இயக்கத்தை நடத்தினார்கள். பகலெல்லாம் உழைத்த ஆண்களும் பெண்களும் மாலையில் கூடி எழுத்துக் கூட்டினார்கள். பக்கத்து வீடாகிய தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு சிறு புஸ்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்து வெளியிட்டது. ஆகவே பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. நாம் நடக்க வேண்டியதுதான் பாக்கி.

சிறிய வட்டம் ஏன்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 30 பிள்ளைகள். பாட நேரம் 45 நிமிஷம். உபாத்தியாயர் வாயே திறக்காமல் இருந்தாலும் (இது நடக்கிற காரியமல்ல என்பது நேயர்களுக்குத் தெரியும்) ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிஷம். அதே வகுப்பை ஆறு ஆறு பேராக ஐந்து வட்டமாக்கினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழரை நிமிஷம் கிடைக்கிறது. அதுவுமன்றி, 30 பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசும் பிள்ளை ஐந்து பேருக்கு முன்னால் பேசிவிடும். நாலு பேருக்குக் குறைந்தால் பேச்சு வறண்டு போகிறது. ஏழு பேரைத் தாண்டினால் கடைசியில் இருப்பவர் தூங்கிப் போகிறார். ஐந்தோ ஆறோதான் நல்ல எண்.

செலவும் அதிகமில்லை. ஒரு தலைப்பில் ஆறு பிரதிகள், ஐந்து தலைப்புகள், ஆக 30 பிரதிகள். சிறுவர் புஸ்தகம் ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,200 ரூபாய்தான். ஒவ்வொரு வட்டமும் ஒரு தலைப்பை மூன்று வாரம் வைத்துக்கொண்டு அடுத்த வட்டத்துக்குக் கொடுத்தால், 15 வாரத்தில் வகுப்பு முழுவதும் ஐந்து புஸ்தகங்களைப் படித்துவிடும். காசு கொடுக்க வழியில்லாத இடங்களுக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்ற இணைய நூலகத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.

புஸ்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைகளுக்கே இருக்க வேண்டும். ஐந்தையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு நிமிஷம் சொல்லிவிட்டு விலகிக்கொள்வதே முறை. கடினமா என்று பார்க்க எளிய உபாயம் உண்டு: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கும்போது, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டு வர வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புஸ்தகம் இன்னும் சில மாதம் காத்திருக்கட்டும்.

என்ன பேசுவது?

வட்டமாக உட்கார வைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. அமெரிக்க உபாத்தியாயரான ஹார்வி டேனியல்ஸ் 1994-ல் எழுதிய நூலில் ஒரு வழி காட்டினார். வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு: ஒருவர் கேள்விகள் கொண்டு வருவார், ஒருவர் உரக்க வாசிக்கத் தக்க பகுதியைப் பொறுக்குவார், ஒருவர் அருஞ்சொல் தேடுவார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் கதையைத் தம் ஊர் வாழ்க்கையோடு முடிச்சுப் போடுவார். வாரந்தோறும் பொறுப்பு மாறும். ஆனால் இது நடைவண்டி போன்றது. குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டதும் வண்டியை ஓரமாக வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், "சொல் தேடுகிற வேலை என்னுடையதல்ல" என்று உத்தியோகஸ்தர்களைப் போலப் பேச ஆரம்பித்து விடுவார்கள்.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வேறொரு முறை உண்டு. பாலின்ஸார், பிரௌன் என்ற இரு அம்மையார்கள் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விவரித்தது அது. ஒரு பத்தி வாசித்ததும் நான்கு காரியம் செய்ய வேண்டும்: சாராம்சத்தைச் சொல்லுவது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் உபாத்தியாயர் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் உபாத்தியாயராவார்கள்.

இங்கிலாந்தில் எய்டன் சேம்பர்ஸ் என்பவர் இன்னும் எளிமையாக்கினார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது குழப்பியது, எது எதனோடு சேர்ந்து வருகிறது என்ற இந்தச் சில விஷயங்களையே பேச்சுக்கு அடிப்படையாகக் கொண்டார். "ஏன்?" என்ற கேள்வியைக் கூடிய வரையில் விலக்கச் சொன்னார். காரணம், அது போலீஸ் விசாரணை போல் ஒலிக்கிறது. நமது பாஷையில் அதற்கு அழகான மாற்று இருக்கிறது: "ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்காமல், "அதைப் பற்றிச் சொல்லேன்" என்றால் போதும். முன்னதற்குப் பிள்ளை தலை குனியும். பின்னதற்கு நிமிர்ந்து பார்க்கும்.

உபாத்தியாயருக்கு இங்கே உள்ள வேலை மிகக் கஷ்டமானது. அதாவது, சும்மா இருப்பது. மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் வகுப்பறைகளில் நேரம் குறித்துப் பார்த்தார். கேள்வி கேட்ட உபாத்தியாயர்கள் பதிலுக்காகச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதையே மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன; பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று விநாடிதான்! ஆனால் உபாத்தியாயரின் நாக்குக்கு அது மூன்று யுகம்.

கடலறிந்த சிறுமி

காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, நாம் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் இருந்தாள். மூன்று வரி சேர்ந்தாற்போல் படிக்க அவளுக்கு வராது. ஆகையால் எப்போதும் சுவரோரம்தான் உட்காருவாள். ஒரு நாள் அவளுடைய வட்டத்தார் கடல் கதை ஒன்றை எடுத்தார்கள். தோழி ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். கதையில், கதாநாயகன் விடியற்காலையில் படகில் கரைக்குத் திரும்புகிறான். கடலிலிருந்து வீசும் காற்று பாயைத் தள்ளிக்கொண்டு வருகிறது. எல்லோரும் தலையாட்டினார்கள். சிறுமி மட்டும், "அது தப்பு சார்" என்றாள்.

"சொல்லேன், அம்மா" என்றோம்.

"விடியக்காலம் காத்து கரையிலேருந்து கடலுக்குப் போகும். அதுலதான் எங்க தாத்தா காலத்துல பாய் விரிச்சுப் போவாங்களாம். மத்தியானத்துக்கு மேலதான் கடல்லேருந்து கரைக்கு அடிக்கும். கதை எழுதினவங்க கடலுக்குப் போனதில்லை போல."

வட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் பூகோளப் புஸ்தகத்தைப் புரட்டினான். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, நீர் மெல்லத்தான் குளிர்கிறது; ஆகவே விடியும் வரை காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் என்று அதில் இருந்தது. அதே பாடத்தை அவர்கள் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருந்தார்கள். கதையோடு அதைச் சேர்த்துப் பார்த்தவள், வாசிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிய அந்தச் சிறுமிதான்.

அச்சில் வந்ததையும் மறுத்துப் பேசலாம் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. மறுவாரம் சுவரோரத்தை விட்டு வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டுவது இன்னும் அவளுக்குச் சிரமந்தான். ஆனால் இப்போது அந்தச் சிரமத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எழுத்துப் பயிற்சி வேறு, வாசிப்பின் ருசி வேறு. பின்னது முன்னதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நன்றாகப் படிக்க வந்த பிறகுதான் கதைப் புஸ்தகம் என்பது, நீச்சல் தெரிந்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம் என்பதைப் போன்றது.

பள்ளிக்கு வெளியே

வாசிப்பு வட்டத்துக்குக் கரும்பலகை தேவையில்லை. ஆகவே அது எங்கும் நடக்கலாம். மீனவர் ஊர்களில் வலை பின்னும் கூடம் இருக்கிறது. மாலையில் அது காலியாகவே கிடக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவினர் சேமிப்புக் கணக்குப் பார்க்கக் கூடுகிறார்கள். கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் ஒருவர் ஒரு சிறுகதையை வாசித்தால் மற்றவர்கள் கேட்பார்கள். அங்கே நடக்கும் விவாதத்துக்கு நமது சட்டசபை விவாதம் ஈடாகாது என்பது நமது அபிப்பிராயம். பல்கலைக்கழகத்து மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் பேரில் சாலையோரம் குப்பை பொறுக்குவது நல்லதே; அவர்களில் இருவர் வாரம் ஒரு மாலை ஒரு புஸ்தகத்தோடு கடற்கரைக்கு வந்தால் இன்னும் நல்லது. நகரத்தில் 1827-ம் வருஷம் ஏற்பட்டு இன்று ரோமன் ரோலந்து நூலகம் என்ற பெயரோடு விளங்கும் பழைய நூலகத்திலிருந்து புஸ்தகம் எடுத்து வரவும் தடையில்லை.

எல்லாவற்றையும்விட அருகிலிருப்பது வீடு. இராச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிஷம், கைப்பேசிகளை எல்லாம் ஒரு கூடையில் போட்டுவிட்டு, தாயாரோ தகப்பனாரோ தாத்தாவோ ஒரு அத்தியாயம் வாசிக்கட்டும். குழந்தை குறுக்கே கேள்வி கேட்டால் அதட்டாமல் நிறுத்தட்டும்.

அநுபவத்தில் கண்ட சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம். நாளும் நேரமும் மாறக் கூடாது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற வாக்கியம் பல வட்டங்களுக்கு எமனாக வந்திருக்கிறது. முடிவில் பரீட்சை, பரிசு, பத்திரம் ஒன்றும் வேண்டாம். அவை வந்ததும் கதை மறுபடியும் பாடமாகிவிடும். "இக்கதையால் அறியும் நீதி யாது?" என்ற கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, ஒரு முறை பேச ஒன்றைக் கீழே வைக்கச் சொன்னால் போதும். சுண்டல் கொடுப்பது பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. முதல் வாரம் சுண்டலுக்காக வந்தவர்கள் மூன்றாம் வாரம் கதைக்காக வந்ததை நாம் பார்த்திருக்கிறபடியால், நமது வோட்டு சுண்டலுக்கே.

மார்க் குறைந்து விடாதா?

பெற்றோர்கள் கவலையோடு கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் உண்டு. கஷ்டப்பட்டுச் சம்பளம் கட்டுகிறவர்களுக்கு மார்க்கு அற்ப விஷயமல்ல. வாரத்தில் ஒரு பாட வேளை என்றால், வருஷத்தில் 30 வாரம் நடந்தாலும் பத்துப் புஸ்தகம் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஐந்து வருஷத்தில் ஐம்பது. ஐம்பது புஸ்தகத்தை வாசித்து வாதாடிய பிள்ளைக்கு, பரீட்சைத் தாளில் முன்பின் பாராத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் கை நடுங்காது. நோட்ஸ் உருப்போட்டவன் நோட்ஸில் இல்லாத கேள்விக்கு என்ன செய்வான்?

ஆனால் மார்க்கைவிடப் பெரிய லாபம் ஒன்றுண்டு. 1954-ம் வருஷம் அக்டோபர் 18-ம் தேதி, புதுவையை அடுத்த கீழூரில் 178 ஜனப் பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேர வேண்டுமா என்று வோட்டுப் போட்டார்கள். 170 பேர் வேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வோட்டினால் ஒரு தேசத்தின் எல்லை மாறிற்று. அபிப்பிராய பேதத்தோடு ஒரே கூரையின் கீழ் உட்காரத் தெரிந்தவர்களால்தான் இப்படிப்பட்ட காரியம் நடக்கும். "நீ சொல்வதை நான் ஒப்பவில்லை, ஆனாலும் சொல், கேட்கிறேன்" என்ற பழக்கம் வோட்டுச் சாவடி வாசலில் திடீரென்று வந்துவிடாது. அதைப் பத்து வயதில், ஒரு கதையின் கதாநாயகன் நல்லவனா கெட்டவனா என்ற சண்டையில் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இதைப் படிக்கும் தாய்மார்களும் தந்தைமார்களும் சங்கம் ஏற்படுத்தவோ, தலைவர் தேடவோ, திறப்பு விழா நடத்தவோ வேண்டாம். வருகிற சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பாயை விரித்து, மெல்லிய புஸ்தகம் ஒன்றை நடுவில் வையுங்கள். முதல் பக்கத்தை நீங்கள் படியுங்கள். இரண்டாம் பக்கத்தை யார் படிப்பது என்ற போட்டியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.